சொந்த ஊருக்குச் சுற்றுலா வந்தவள்

எல் பாஸோ பக்கத்துப் பாலைவனச் சிற்றூரான அகுவா சேக்காவின் ஊர்க்காரர்கள் இனிமேல் திருவிழாவுக்கு வரவேண்டுமென்றால் சுற்றுலாப் பயணிகளாகத்தான் வரவேண்டும் என்று அனுபவ மன்றம் முடிவெடுத்த அதே வருஷம்தான் ஓர்லிந்தா டஃபோயாவின் முறை வந்து வாய்த்தது.

முறை என்றால் சான் லொரென்சோவின் முறை. கம்பியடுப்பில் போட்டு வாட்டியபோது, "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்று சொன்னதாகப் பேர் வாங்கிய புனிதர் அவர். அதனால் சமையல்காரர்களுக்கெல்லாம் அவர்தான் காவல். முழங்கால் உயர மரச்சிலை, வருஷத்துக்கு ஒரு வீட்டில் குடியிருக்கும். அந்த வீட்டுக் கதவைச் சாத்தக்கூடாது. கும்பிட வருகிறவர் யாரானாலும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பவேண்டும். ஆகஸ்டு மாதத் திருவிழாவன்று கோயில் சதுக்கத்தில் ஊருக்கே பச்சைமிளகாய்க் குழம்பும் தோர்த்தியா ரொட்டியும் போடவேண்டும். காசு வாங்கினால் புனிதர் கோபித்துக்கொள்வார்.

விழா முடிவில் முறைக்காரர் கோயில் படியில் சிலையோடு நிற்பார். யார் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிறாரோ அவருக்கு அடுத்த முறை. ஓட்டெடுப்பு கிடையாது, விண்ணப்பம் கிடையாது, திருப்பிக் கொடுப்பதும் கிடையாது. பழைய முறைக்காரர் போடவேண்டிய சோறு பாக்கி இருந்தால் அதுவும் வாங்கியவர் தலையில்தான். இதனால் அன்றைக்கு அந்தப் படியருகே நிற்கிற ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எல்லோரும் கையைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு நிற்பதுதான் அகுவா சேக்காவின் வழக்கம். ஒரு தடவை முடிதிருத்துகிற பெனரீத்தோ, சிலைக்குப் புதிதாகப் பூசிய வர்ணம் ஒட்டுகிறதா என்று பார்க்கக் கையை நீட்டிவிட்டான். அடுத்த வருஷம் லாரியை விற்று ஊருக்குச் சோறு போட்டான். இப்போது அல்புகெர்க்கி நகரத்தில் இருக்கிறான். அங்கே பொம்மைக் கடைப் பக்கம்கூடப் போவதில்லையாம்.

ஓர்லிந்தா தானாகவே கேட்டு வாங்கிய முறை இது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். போன மழைக்காலத்தில் அவள் புருஷன் எலோய் காய்ந்த ஓடையைத் தாண்டும்போது, எங்கோ மலையில் பெய்த மழை சுவர்போல் இறங்கி வந்து அவனை லாரியோடு அடித்துக்கொண்டு போயிற்று. ஓர்லிந்தா கரையில் நின்று சான் லொரென்சோவைக் கூப்பிட்டு, "அவனைத் திருப்பிக் கொடு, என் கையால் ஊருக்கே சோறு போடுகிறேன்" என்று கத்தினாள். வெகுதூரம் தள்ளி ஒரு முள்மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த எலோயை இறக்கியபோது அவன் முதலில் கேட்டது ஒரு கால் செருப்பைத்தான். புனிதர் தன் பங்கைச் செய்துவிட்டார். பாக்கி ஓர்லிந்தாவின் பங்கு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அகுவா சேக்காவில் பூசாரியின் இடத்தில் உட்கார்ந்திருந்தது அனுபவ மன்றம். முழுப்பெயர் 'பாலைவன உணவு, திராட்சைமது மற்றும் திருவிழா அனுபவ மன்றம்'. எலோய் கோழித்தீனி வாங்கிக்கொண்டிருந்த கடையைப் பிடித்து, சுவரில் தண்ணீர் வழிகிற மாதிரி ஏதோ செய்து, அலுவலகமாக்கியிருந்தார்கள். குடிநீருக்கு லாரிக்காகக் காத்திருக்கிற ஊரில் அந்தச் சுவர் இரவும் பகலும் வழிந்துகொண்டிருந்தது.

ஓர்லிந்தா உள்ளே நுழைந்தபோது மேசைக்குப் பின்னால் அவள் அண்ணன் மகள் மரிஸ்ஸா உட்கார்ந்திருந்தாள்.

"அகுவா சேக்காவுக்கு உங்களை வரவேற்கிறோம். இங்க இதுதான் உங்க முதல் வருகையா?"

"ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? நான்தாண்டி, அத்தை."

"தெரியுது அத்தை. கேக்கலைன்னா மார்க் குறைப்பாங்க. மேல கேமரா இருக்கு." மரிஸ்ஸா பல்லைக் காட்டியபடியே உதடு அசையாமல் பேசினாள். "முதல் வருகையா?"

"ஆமாம்மா, முதல் வருகைதான். நீ பொறக்கறப்ப உங்கம்மாவை ஸ்கூல் பஸ்ல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனது போன ஜென்மத்துல. எனக்குச் சதுக்கம் வேணும்டி. திருவிழாவன்னைக்கு அடுப்பு மூட்டணும்."

மரிஸ்ஸா உள்ளறையைப் பார்த்தாள். உள்ளே இருந்தவர் இயக்குநர் டக்ளஸ் பென்ரோஸ். கிழக்குக் கடற்கரைப் பக்கம் கனெக்டிகட்டிலிருந்து வந்தவர். வந்த நாளிலிருந்து தொப்பியைக் கழற்றாதவர். கழுத்தில் தொங்கிய உள்ளூர் நீலப்பச்சைக் கல் ஒரு கோழிமுட்டை அளவு இருந்தது. அந்த ஊரில் கல் விற்கிறவனே அவ்வளவு பெரியதை மாட்டிக்கொள்ளக் கூச்சப்படுவான்.

"உக்காருங்க மிஸஸ் டஃபோயா. உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்க உயிர்மூச்சு. அதனாலதான் நீங்க சதுக்கத்துக்கு வரக்கூடாதுன்னு சொல்றோம்."

"புரியலை சார்."

"விருந்தாளிங்க இங்க எதுக்கு வர்றாங்க? உள்ளூர்த்தன்மைக்கு. அதைக் கெடுக்கிறது எதுன்னு ஆராய்ச்சி பண்ணினோம். ஊர்க்காரங்கதான்னு தெரிஞ்சுது. தப்பா எடுத்துக்காதீங்க. குறுக்க லாரியை நிறுத்தறாங்க, பால் வாங்கிட்டுப் போறாங்க, ஃபுட்பால் பேசறாங்க. உள்ளூர்த்தன்மையே இல்லாம நடந்துக்கறாங்க."

"எனக்கு நேர்த்திக்கடன் இருக்கு சார். ஊருக்குச் சும்மா சோறு போடணும்."

"சும்மாவா?" பென்ரோஸ் காதில் எதையோ ஊற்றியதுபோல் முகம் சுளித்தார். "சும்மா கொடுத்தா அனுபவத்தோட மதிப்பு என்ன ஆகும்? ஆனா உங்க நேர்த்திக்கடன் ரொம்ப அழகு. நாங்க அதை மதிக்கறோம். அதை நல்லா செய்யத் தெரிஞ்ச ஒருத்தரையே வரவழைச்சிருக்கோம். ஸ்காட்ஸ்டேல்ல நடிப்பு படிச்ச பொண்ணு."

அவர் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது: 'மரபு உத்தரவாதம். மரபு ஒன்று பாதியில் நின்றால் விருந்தாளிகள் அனைவருக்கும் முழுப்பணம் வாபஸ்.' அந்த விதியை எழுதியவர் தானே என்று அவர் பெருமையோடு சுட்டிக்காட்டினார்.

புனிதரை வீட்டில் வைத்திருக்கிறவள் வெறுங்கையோடு யாரையும் பார்க்கப் போகக்கூடாது. ஓர்லிந்தா ஒரு தூக்குப்பாத்திரத்தில் குழம்பு கொண்டுபோயிருந்தாள். பென்ரோஸ் கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி இருமினார். பிறகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டி அருகே போய், திரும்பிப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்:

"இதை இப்படியே கொட்டிடலாமா? இல்ல, அதுக்கும் ஏதாவது சடங்கு இருக்கா?"

கொட்டினார். புனிதர் பேரைச் சொல்லி ஆக்கிய குழம்பு தொப்பென்று காகிதக் குப்பைமேல் விழுந்தது.

பல வருஷம் பஸ் ஓட்டிய ஓர்லிந்தா, பின்சீட்டில் வம்பு செய்கிற பையனை ஓடுகிற பஸ்ஸில் அடிக்கமாட்டாள். அவனை இறக்கிவிடுகிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும். காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மரிஸ்ஸாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"சரிடி. நான் சுற்றுலாவே வர்றேன். எழுதிக்கோ."

மரிஸ்ஸா கேமராவுக்குச் சிரித்தாள். "மிக்க மகிழ்ச்சி. வெளியூர் விலாசம் வேணும். எல் பாஸோல சித்தி வீட்டைப் போட்டுடறேன். காரம் எந்த அளவுல வேணும்? லேசானது, மிக லேசானது, படத்துல மட்டும்."

"அடிப்பாவி."

"மிக லேசானதுன்னு போடறேன். ஆன்மிகம்?"

"என்னது?"

"ஆன்மிகம் அத்தை. கண்ணு கலங்கற அளவா, தேம்பி அழற அளவா, வேலையை விட்டுட்டு இங்கயே வீடு வாங்கற அளவா? அப்புறம் புழுதி. அசல் புழுதி வேணும்னா தனிக் கட்டணம்."

ஓர்லிந்தா தன் செருப்பைக் காட்டினாள். அதிலிருந்த புழுதி மன்றத்தின் தரத்தில் தேறாது என்று மரிஸ்ஸா வருத்தத்தோடு தெரிவித்தாள். எல்லாம் முடிந்ததும் தலையைக் குனிந்து மெதுவாக, "அத்தை, பெரிய திட்டத்துல 'ஒரு மணி நேரம் முறைக்காரி ஆகுங்கள்'னு ஒண்ணு இருக்கு. அதைச் சேத்துட்டேன். சிலையை நீதான் வெச்சிருப்பே. அப்புறம் அந்த நடிப்புக்காரி உன்கிட்டேர்ந்து வாங்கிக்குவா. வாங்கி..." என்று நிறுத்தினாள்.

"வாங்கி?"

"மன்றத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சிருக்காங்க. அதுக்குள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. இனிமே யார் வீட்டுக்கும் போகாது. பாக்கறதுக்கு டிக்கெட்."

பெட்டிக்குள் போய்விட்டால் முறை என்பதே இல்லை. ஓர்லிந்தாவின் கடனும் சாகிறவரை தீராது. எலோய் திட்டத்தின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு நான் ஓடையோடவே போயிருப்பேனே" என்றான். ஆனாலும் ஆடுகளை விற்றுப் பணம் கட்டினான்.

சுற்றுலா என்றால் வந்து இறங்கவேண்டும். வராமல் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மன்றத்தில் வரவேற்பு கிடையாது. ஆகவே எலோய் அவளை இரவல் லாரியில் எல் பாஸோ விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். அங்கே மன்றத்தின் வேன் நின்றது. அது அவளை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பியது. அவள் மடியில் துண்டு சுற்றிய சிலை இருந்தது. வழிகாட்டி வந்து, "கைச்சுமையை மேல வெச்சிடலாமா?" என்றான். "இவருக்குச் சன்னலோரம் வேணும்" என்றாள் ஓர்லிந்தா.

ஊருக்குள் வேன் மெதுவாகப் போயிற்று. வழிகாட்டி ஒலிபெருக்கியில் குரலைத் தாழ்த்தினான்.

"இடது பக்கம் பாருங்க. அசல் மண்வீடு. வாசல்ல ஒரு அசல் ஊர்வாசி. சத்தம் போடாம இருந்தா உள்ள ஓடமாட்டார். படம் எடுக்கலாம். தீனி மட்டும் போடாதீங்க."

வாசலில், வேனுக்கு முன்பே வீடு திரும்பிவிட்ட எலோய் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். பக்கத்துச் சீட்டில் இருந்த மினியாபொலிஸ் நகரத்து அம்மாள் இன்கிரிட் படம் எடுத்துக்கொண்டே, "பாவம், யாருமே இல்லாதவர் போல" என்றாள்.

"பொண்டாட்டி இருப்பா. சுற்றுலா போயிருப்பா" என்றாள் ஓர்லிந்தா.

தங்குமிடம் அவள் வீட்டுக்கு நேர் எதிரே. அறைச் சன்னலைத் திறந்தால் அவள் வீட்டுத் துணிக்கொடி. சாயங்காலம் மழை தூறியதும் அவள் ஓடிப்போய்த் துணிகளை எடுத்து வந்தாள். உள்ளூர்வாசியின் உடைமைகளைத் தொட்டதற்காக மன்றம் அவளை எச்சரித்தது.

மறுநாள் மதுச் சுவைப்பு. திராட்சைத் தோட்டம் ஊருக்கு மேற்கே நிஜமாகவே இருக்கிறது, மதுவும் நிஜமாகவே நன்றாக இருக்கும். ஆனால் மன்றத்தின் மது நிபுணர் அதைக் குடிக்க விடவில்லை. வாயில் வைத்து, காற்றை உறிஞ்சி, கொப்பளித்து, வாளியில் துப்பச் சொன்னார். ஓர்லிந்தா விழுங்கிவிட்டாள். எல்லோரும் வாளியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"விழுங்கிட்டீங்களா?" என்றார் நிபுணர், குழந்தை காசை விழுங்கியதைக் கேட்பதுபோல.

"ஆமா சார். மதுதானே."

"போகட்டும். இந்த மதுவை முகர்ந்து பாருங்க. என்ன தெரியுது? வறண்ட பாலைவனத்துல முதல் மழை விழற வாசனை. நனைஞ்ச கல்லு. தூரத்துல தண்ணி வர்ற நினைப்பு. எவ்வளவு இதமா இருக்கு பாருங்க!"

விருந்தாளிகள் கண்ணை மூடி இதமாக இருந்தார்கள். ஓர்லிந்தாவுக்கு அதே வாசனைதான் தெரிந்தது. எலோயின் லாரி உருண்ட அன்று ஓடைக்கரையில் வந்த வாசனை. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஆழமான அனுபவம் பெற்றவர்' என்று மன்றம் அவள் சட்டையில் ஒரு நாடாவைக் குத்தியது.

திருவிழாக் காலை. சதுக்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. உள்ளே விருந்தாளிகள், பத்திரிகைப் படக்காரர் ஒருவர், மன்றம். கயிற்றுக்கு வெளியே, தங்கள் கோயிலை எட்டிப் பார்த்தபடி ஊர். மிளகாய் வாட்டுகிற இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மிளகாய் இல்லை. மிளகாய் வாட்டினால் விருந்தாளிகள் தும்முகிறார்கள் என்பதால், பக்கத்தில் ஒரு பெட்டியிலிருந்து வாட்டிய மிளகாயின் வாசனையை மட்டும் அளவாக ஊதிக்கொண்டிருந்தார்கள்.

முறைக்காரியாக நடிக்க வந்த பெண்ணின் பெயர் பிரிட்டா. நரைத்த பொய்முடி, இடுப்பில் தலையணை, முகத்தில் வரைந்த சுருக்கங்கள். சட்டையில் 'ஓர்லிந்தா' என்று பெயர் குத்தியிருந்தது. சுவர் மறைவில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததுமே ஓர்லிந்தாவுக்குப் புரிந்துவிட்டது.

"பசிக்குதாம்மா?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் தரலைங்க. ஊருக்கே சோறு போடற வேஷம். எனக்குப் போட ஆளில்லை."

எலோய் கயிற்றுக்கு மேலே வீசிய பொட்டலத்திலிருந்து ஓர்லிந்தா தோர்த்தியாவில் மிளகாய் வைத்துச் சுருட்டிய ஒரு புரீத்தோவை எடுத்துக் கொடுத்தாள். பிரிட்டா கண்ணில் நீர் வழிய வழியத் தின்றாள். காரம்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? சாயங்காலம் படியில சிலையை நீட்டுவேன். நீ வாங்காதே. கையைப் பின்னாடி கட்டிக்கோ."

"ஏங்க?"

"வாங்கினவங்க ஒரு வருஷம் ஊருக்குச் சோறு போடணும். என் பாக்கியையும் சேத்து. இது இந்த ஊர் வழக்கம். உனக்கு எதுக்கு இந்தப் பாவம்? அதுக்கு வேற ஆளு பாத்து வெச்சிருக்கேன்."

பிரிட்டா மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு இன்னும் வேகமாக மென்றாள். "அந்தத் தொப்பிக்காரரா?"

"சாப்பிடு, சாப்பிடு."

சாயங்காலம் ஓர்லிந்தாவின் ஒரு மணி நேரம் வந்தது. தன் பெயரை அணிந்தவள் பக்கத்தில் நிற்க, தானாகவே நடிக்கத் தொடங்கினாள். மன்றத்தின் மரபுத் தூய்மை அலுவலர் டாக்டர் வின்ஸ்லோ குறுக்கிட்டார்.

"கரண்டியை அப்படிப் பிடிக்கக்கூடாதுங்க. அசல் முறைக்காரிங்க இப்படிப் பிடிக்கமாட்டாங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்லை. எழுதியிருக்கேன்."

குழம்பு என்று மன்றம் வைத்திருந்தது கட்டைவிரல் அளவுக் கோப்பைகளில் ஏதோ ஒரு பச்சைத் தண்ணீர். ஓர்லிந்தா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கயிற்றை நோக்கி நடந்தாள். வெளியே எலோய் நின்றான், அவனுக்குப் பின்னால் ஊர் நின்றது. ஒரு வாய், ஒரே ஒரு வாய் கொடுத்தால்கூடக் கடன் கொஞ்சம் இறங்கும். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான்.

"விருந்தாளிங்க காட்சிப்பொருளுக்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாதும்மா. விதி."

"அது என் புருஷன்யா."

"அழகா நடிக்கிறீங்க. ஆனா விதி."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஓர்லிந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நேரே கோயில் படியேறி, துண்டைப் பிரித்துச் சான் லொரென்சோவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கயிற்றுக்கு வெளியே அத்தனை கைகளும் சட்டைப்பைகளுக்குள் போயின. பை இல்லாதவர்கள் அக்குளில் சொருகிக்கொண்டார்கள்.

டக்ளஸ் பென்ரோஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! இந்தப் புனிதர் காலங்காலமா வீடு வீடா அலைஞ்சிருக்கார். அடுப்படியில, குழந்தைங்க கைபடற இடத்துல, யார் வேணாலும் வந்து பாக்கற மாதிரி! இந்த அவலத்துக்கு இன்னைக்கு முடிவு கட்டறோம். மரபைக் காப்பாத்த ஒரே வழி, மரபு வெச்சிருக்கறவங்ககிட்டேர்ந்து அதைக் காப்பாத்தறதுதான்!"

கைதட்டல். பிரிட்டா முன்னால் வந்தாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், சிலையை மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாங்கு" என்றார் பென்ரோஸ் பல்லிடுக்கில்.

"எனக்கு நடிப்பு வரலை சார். ஆன்மிகம் அடைச்சுக்குச்சு."

படக்காரர் பொறுமையிழந்தார். "வெளிச்சம் போகுது. யாராவது வாங்குங்க. அட்டைப்படத்துக்கு ஒரு முகம் வேணும்."

ஓர்லிந்தா திரும்பினாள். அவள் குரலில் தேன் வடிந்தது. "நீங்களே வாங்கிக்குங்க சார். இந்த ஊருக்கு இவ்வளவு செஞ்ச மனுஷன். உங்களைவிட யாருக்குப் பொருந்தும்?"

பென்ரோஸுக்கு அது நியாயமாகவே பட்டது. தொப்பியைச் சரிசெய்தார், வயிற்றை உள்ளே இழுத்தார், படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டு கைகளையும் தாராளமாக நீட்டினார். ஓர்லிந்தா சான் லொரென்சோவை அவர் கைகளில் வைத்து, நழுவாதபடி அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

வெளியே கைகள் பைகளிலிருந்து வந்தன. ஊர் முழுவதும் கைதட்டியது. மன்றம் வந்த நாளிலிருந்து அந்த ஊர் மன்றத்துக்காகக் கைதட்டியது அன்றுதான். பென்ரோஸ் நெகிழ்ந்துபோனார்.

டாக்டர் வின்ஸ்லோவும் நெகிழ்ந்துபோனார். ஒலிபெருக்கியைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டார். "நண்பர்களே, நாம இப்ப பாத்தது நடிப்பில்லை! நூறு சதவீதம் அசல் கைமாற்றம்! கோயில் படியில இரண்டு கையால வாங்கினவர்தான் புது முறைக்காரர். ஒரு வருஷம் புனிதர் இவர் வீட்டுல. கதவு சாத்தக்கூடாது. யார் வந்தாலும் சோறு. இன்னைக்கு ஊருக்குப் போடாத விருந்தும் இவர் தலையில. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டாகணும்! என் புத்தகத்துல ஏழாவது அத்தியாயம்!"

"யாரு வேணாலும் போகலாமா?" என்றாள் இன்கிரிட்.

"யாரையும் தடுக்கக்கூடாது. அதுதான் மரபு!"

"டாக்டர், இது சும்மா படத்துக்கு..." என்றார் பென்ரோஸ்.

"பாதியில நிறுத்தறீங்களா?" டாக்டர் வின்ஸ்லோ நிஜமாகவே அதிர்ந்தார். "அப்ப எல்லாருக்கும் முழுப்பணம் வாபஸ். விதியை எழுதினதே நீங்கதானே."

விருந்தாளிகள் திடீரென்று மிகவும் கவனமாகக் கேட்கத் தொடங்கினார்கள். பென்ரோஸ் சிலையை இன்கிரிட் பக்கம் நீட்டினார். அவள் கைகள் சட்டைப்பைக்குள் போயின. அடுத்தவரிடம் நீட்டினார். அவரும் கற்றுக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாள் திட்டத்தில் விருந்தாளிகள் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஊர்வழக்கம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊர் புறப்பட்டது. பென்ரோஸின் வீடு கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வேலிபோட்ட குடியிருப்பில், வெள்ளைக் கம்பளமும் வெள்ளைச் சோபாவுமாக இருந்தது. லாரிகளும் பள்ளிக்கூட பஸ்ஸும் புல்வெளியில் ஏறி நின்றன. பக்கத்து ஊர்க்காரர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். இன்கிரிட் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தாள். பிரிட்டா தன் சொந்த முகத்தோடு வந்தாள். மன்றத்து ஆட்களும் வந்தார்கள், சாப்பிடத்தான். எலோய் வாட்டிய மிளகாயை மூட்டைமூட்டையாக இறக்கினான். அதன் விலையை முறைக்காரர் தரவேண்டும். தோல் உரிப்பதும் முறைக்காரர்தான்.

பென்ரோஸ் சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். வாட்டிய மிளகாயை வெறுங்கையால் உரிக்கக்கூடாது என்பது அகுவா சேக்காவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கையுறை போடச் சொல்லியிருக்கலாம். ஓர்லிந்தா சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

முதல் மூட்டை முடிவதற்குள் அவர் விரல்கள் எரிந்தன. இரண்டாவது மூட்டையில் கண் அரித்தது, கண்ணைத் தேய்த்தார். அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தில் மைதானத்தில் பந்தடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழறார் பாருங்க. எவ்வளவு பக்தி!" என்று டாக்டர் வின்ஸ்லோ குறிப்பெடுத்தார்.

மூன்று அடுப்பில் குழம்பு கொதித்தது. கரண்டியை மட்டும் ஓர்லிந்தா யாருக்கும் கொடுக்கவில்லை. முதல் தட்டு எலோய்க்கு. அவன் நின்றபடியே ஒரு வாய் தின்றுவிட்டு அவளைப் பார்த்தான். ஓடைக்கரையில் கத்திய கத்தல் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். "போடா" என்றாள் ஓர்லிந்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு மரிஸ்ஸாவுக்கு, காவலாளிக்கு, வேன் வழிகாட்டிக்கு, துப்பச் சொன்ன மது நிபுணருக்கு, வரிசையில் வந்த அத்தனை பேருக்கும் கை ஓய ஓயப் போட்டாள். வெள்ளைக் கம்பளம் பச்சையாயிற்று. குளியலறைக்கு வரிசை வாசல்வரை நின்றது. அவள் மனசு குளிர்ந்தது. கடன் துளித்துளியாக இறங்குவதை அவளால் உணர முடிந்தது.

பெரிய பாத்திரங்கள் மூன்றையும் அடிவரை வழித்தாயிற்று. பென்ரோஸ் தொப்பியில்லாமல், வீங்கிய கண்களோடு, எரியும் கைகளை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்தபடி அவளிடம் வந்தார். வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசியதில்லை.

"மிஸஸ் டஃபோயா, முடிஞ்சுதுங்களா?"

ஓர்லிந்தா கரண்டியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"முடியறதா? என் பாக்கி முடிஞ்சுது. இது காலைப் பலகாரம்தானே சார். மத்தியானத்துலேர்ந்து உங்க வருஷம் ஆரம்பம். போங்க, மிளகாய் உரிங்க."